அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் நடுவே: அமெரிக்காவின் முதல் சார்ஜெண்டுகள்

1775 ஜூலையில் பிரிட்டிஷார் கையிலிருந்த பாஸ்டன் நகரை வளைத்து நின்ற அமெரிக்கப் படையில் யார் அதிகாரி, யார் சிப்பாய் என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. பெரும்பாலோர் வீட்டிலிருந்து கிளம்பி வந்த உடையிலேயே இருந்தார்கள். தலைமைப் பொறுப்பை ஏற்று மூன்று வாரம்கூட ஆகாத ஜார்ஜ் வாஷிங்டன் ஜூலை 23 அன்று ஓர் உத்தரவு போட்டார். உயர் அதிகாரிகள் தொப்பியில் சிவப்புச் சின்னம் செருகிக்கொள்ள வேண்டும். கேப்டன்கள் மஞ்சள், இளநிலை அதிகாரிகள் பச்சை. சார்ஜெண்டுகளுக்குத் தொப்பிச் சின்னம் கிடையாது. வலது தோளில் ஒரு சிவப்புத் துணிக் கீற்றைத் தைத்துக்கொள்ள வேண்டும். கார்ப்பரலுக்கு அதே இடத்தில் பச்சைக் கீற்று.

அந்தத் துணிக் கீற்றை அணிந்தவர்கள் யார்? இந்திய ராணுவத்தில் ஹவில்தார், நாயக் என்ற பதவிகளை அறிந்தவர்களுக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது. அரசு நேரடியாக அளிக்கும் ஆணைப்பத்திரத்தால் அதிகாரியானவர்கள் மேலே இருக்கிறார்கள். சாதாரணச் சிப்பாய்கள் கீழே இருக்கிறார்கள். சிப்பாய்களிலிருந்தே பொறுக்கி எடுக்கப்பட்டு, அவர்களோடு உண்டு உறங்கி, ஆனால் அவர்களுக்குக் கட்டளையிடும் உரிமையும் பெற்றவர்கள் நடுவில் நிற்கிறார்கள். புதிதாகப் பிறந்த ஒரு குடியரசின் ராணுவத்தில் இந்த நடு அடுக்கு எப்படி உருவானது என்பது நெடுநாளாகப் பேசப்பட்டுவரும் கேள்வி. பிரஷ்யாவிலிருந்து வந்த ஸ்டாய்பன் 1778 குளிர்காலத்தில் அதை உண்டாக்கிக் கொடுத்தார் என்பதே வழக்கமான விடை. ஸ்டாய்பனின் பங்கு பெரியதுதான். ஆனால் இந்த வரலாற்றை அவரிடம் தொடங்கி அவரிடமே முடித்துவிட்டால், அவருக்கு முன்பே அந்தப் பதவியில் அல்லாடியவர்களும் அவருக்குப் பின் அதைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டவர்களும் காணாமல் போய்விடுகிறார்கள்.

பதவி புதியதன்று. ஐரோப்பியப் படைகளில் சார்ஜெண்டும் கார்ப்பரலும் நூற்றாண்டுகளாக இருந்தவர்கள். பிரிட்டிஷ் குடியேற்றங்களின் ஊர்க்காவல் படைகள் அந்தப் பெயர்களை அப்படியே எடுத்துக்கொண்டன. 1775 ஜூன் 14 அன்று அந்தக் குடியேற்றங்களின் பொது அவையான கான்டினென்டல் காங்கிரஸ் பென்சில்வேனியா, மேரிலாந்து, வர்ஜீனியா பகுதிகளில் பத்து ரைஃபிள் கம்பெனிகளைத் திரட்டத் தீர்மானித்தபோது, ஒவ்வொரு கம்பெனிக்கும் நான்கு சார்ஜெண்டுகள், நான்கு கார்ப்பரல்கள், 68 சிப்பாய்கள் என்று கணக்கு வகுத்தது. கேப்டனுக்கு மாதம் 20 டாலர். சார்ஜெண்டுக்கு 8 டாலர், கார்ப்பரலுக்கு ஏழே கால் டாலருக்குச் சற்று மேல், சிப்பாய்க்கு ஆறே முக்கால் டாலருக்குச் சற்றுக் கீழ். சார்ஜெண்டுக்கும் சிப்பாய்க்கும் இருந்த வித்தியாசம் ஒன்றரை டாலர்கூட இல்லை. அந்தப் பதவியைக் காங்கிரஸ் எங்கே வைத்துப் பார்த்தது என்பதை இந்தத் தொகையே காட்டிவிடுகிறது.

வாஷிங்டனுக்குப் பிரிட்டிஷ் முறை பரிச்சயமானது. 1750களில் வர்ஜீனியா ரெஜிமெண்டை நடத்தியபோதே ஹம்ஃப்ரி பிளாண்ட் எழுதிய ராணுவ ஒழுங்கு நூலைப் படிக்கச் சொல்லித் தம் அதிகாரிகளை வற்புறுத்தியவர் அவர். பிரிட்டிஷ் படையில் அதிகாரி கனவான். கவாத்து சொல்லிக்கொடுப்பது, பாரா மாற்றுவது, சண்டை விலக்குவது எல்லாம் சார்ஜெண்டின் பாடு. இந்த ஏற்பாடு ஓடுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் இடையில் தூரம் இருக்க வேண்டும். நியூ இங்கிலாந்திலிருந்து வந்த கம்பெனிகளில் அந்தத் தூரமே இல்லை.

அங்கே ஒரு கம்பெனி என்பது பெரும்பாலும் ஓர் ஊர். கேப்டனை ஆட்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். சார்ஜெண்ட் பக்கத்துப் பண்ணைக்காரராக இருப்பார்; கட்டளையிட வேண்டிய ஆள் அவருடைய மைத்துனராகக்கூட இருக்கலாம். போர் முடிந்து ஊர் திரும்பினால் அதே தேவாலயத்தில் அதே பலகையில் உட்கார வேண்டியவர்கள். 1776 அக்டோபரில், படையின் நிர்வாகத் தலைமை அதிகாரியாக இருந்த ஜோசப் ரீட் மனைவிக்கு எழுதிய கடிதமொன்றில், கனெக்டிகட் குதிரைப்படை அதிகாரி ஒருவர் அணிவகுப்புத் திடலிலேயே தம் சிப்பாய் ஒருவனுக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்ததைக் கண்டு மனம் நொந்திருக்கிறார். இன்றைய வாசகருக்கு அது அழகான சமத்துவமாகத் தோன்றலாம். ரீடுக்கு அது தோல்வியின் முன்னறிகுறி. அதே ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நியூயார்க்கைச் சுற்றி நடந்த சண்டைகளில் முழுக் கம்பெனிகளே சிதறி ஓடியதைப் பார்த்தவர் அவர்.

கேப்டனே இப்படி என்றால் சார்ஜெண்டின் நிலை என்னவாக இருக்கும்? ஆட்கள் சில மாதங்களுக்கு மட்டும் சேர்ந்தவர்கள். ஆண்டு முடிந்தால் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். ஆறு மாதத்தில் பிரியப்போகும் அண்டை வீட்டுக்காரனை அதட்ட யாருக்கும் மனம் வராது.

ஆகவே நடு அடுக்கின் உண்மையான தொடக்கத்தைத் தேடுபவர்கள் கவாத்துத் திடலுக்குப் போகும் முன் ஒரு சட்டத் தீர்மானத்தைப் பார்க்க வேண்டும். 1776 செப்டம்பர் 16 அன்று காங்கிரஸ் 88 பட்டாலியன்களைத் திரட்ட முடிவெடுத்தது. இம்முறை ஆட்கள் போர் முடியும்வரை பணியாற்ற வேண்டும். பின்னர் மூன்றாண்டுப் பணியும் ஏற்கப்பட்டது. சேர்வோருக்கு 20 டாலர் ஊக்கத்தொகை, போர் முடிந்தபின் 100 ஏக்கர் நிலம். கர்னலுக்கு 500 ஏக்கர் என்று தனிக் கணக்குப் போட்ட காங்கிரஸ், சார்ஜெண்டையும் சிப்பாயையும் ஒரே 100 ஏக்கரில் சேர்த்துவிட்டது. ஆனாலும் விளைவு பெரிது. 1777க்குப் பிறகு படையில் தங்கியவர்கள் நிலமற்ற இளைஞர்கள், கூலிவேலை செய்தவர்கள், புதிதாக வந்து குடியேறியவர்கள். ஊர் உறவுகள் அறுந்து, ரெஜிமெண்டே ஊராகிப் போனவர்கள். இரண்டு மூன்று போர்களைப் பார்த்த ஒருவனிடம் புதிதாக வந்தவன் தானாகவே வழி கேட்பான். தோளில் கீற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் சார்ஜெண்டு அங்கேதான் முளைக்கிறார்.

அந்தப் படை 1777 டிசம்பர் 19 அன்று வேலி ஃபோர்ஜ் முகாமுக்கு நடந்து சேர்ந்தது. ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் பேர். வசந்தம் முடிவதற்குள் டைபஸ், வயிற்றுக்கடுப்பு போன்ற நோய்களால் இரண்டாயிரம் பேர்வரை இறந்தார்கள். பிப்ரவரி 23 அன்று ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் ஃபான் ஸ்டாய்பன் வந்து இறங்கினார். பிரஷ்ய மன்னர் ஃப்ரெடெரிக்கின் படையில் லெப்டினன்ட் ஜெனரலாக இருந்தவர் என்று அறிமுகம். உண்மையில் அவர் கேப்டனாக இருந்தபோது பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர். பாரிஸிலிருந்து பெஞ்சமின் ஃபிராங்ளின் அவரை அனுப்பிவைத்தார். ஆங்கிலம் தெரியாது. பிரெஞ்சில் சொல்லுவார்; பதினேழு வயதுச் செயலாளர் துபொன்சோவோ கேப்டன் பெஞ்சமின் வாக்கரோ மொழிபெயர்ப்பார்கள்.

பதவிப் பொய்யை மன்னித்துவிடலாம். அவர் அங்கே கண்டதைப் பதிவு செய்த விதத்தில் உண்மை இருந்தது. முப்பதே பேர் கொண்ட ரெஜிமெண்டும், ஒரே ஒரு கார்ப்பரல் மட்டுமே மிஞ்சிய கம்பெனியும் இருந்ததாக அவர் குறித்திருக்கிறார். யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாரிடமும் ஒழுங்கான கணக்கு இல்லை. பணிக்காலம் முடிந்தவன் அரசின் துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஆண்டுதோறும் 5,000 முதல் 8,000 துப்பாக்கிகள்வரை இப்படிக் காணாமல் போனதாக அவரே பின்னாளில் எழுதினார்.

மார்ச் 19 அன்று கவாத்து தொடங்கியது. இங்கேதான் வழக்கமான கதை தடம் மாறிப் போகிறது. ஸ்டாய்பன் சார்ஜெண்டுகளைக் கூப்பிட்டுப் பயிற்சிப் பொறுப்பை ஒப்படைக்கவில்லை. நேர்மாறாகச் செய்தார். கவாத்து சொல்லிக்கொடுப்பது சார்ஜெண்டின் வேலை, தங்களுக்கு அது இழுக்கு என்று பிரிட்டிஷ் அதிகாரிகளைப் பார்த்து ஒதுங்கிப் பழகியிருந்த அமெரிக்க அதிகாரிகளின் கண்முன்னே, ஜெனரல் பட்டத்தோடு வந்த அவர் தாமே துப்பாக்கியை எடுத்து ஒரு சிறு குழுவுக்கு ஒவ்வோர் அசைவாகக் காட்டினார். வாஷிங்டனின் மெய்க்காவலர்களோடு மேலும் சிலரைச் சேர்த்து நூறு பேருக்கு மேற்பட்ட ஒரு மாதிரிக் கம்பெனி. அவர்கள் கற்றதும் மற்ற பிரிகேடுகளுக்குப் பரவ வேண்டும். வந்த முதல் மாதங்களில் அவர் செய்த முக்கியமான காரியம் அதிகாரிகளைச் சார்ஜெண்டின் வேலைக்குள் இழுத்துவிட்டது. சார்ஜெண்டின் பதவியை உயர்த்தியதைவிட இதுவே முதலில் நடந்தது. வரலாற்று நோக்கில் இந்த வரிசை முக்கியம்: கவாத்து கேவலமில்லை என்று அதிகாரி உணர்ந்தபின்தான், அதைக் கற்பிக்கும் சார்ஜெண்டின் வேலைக்கும் மதிப்பு வந்தது.

பிரஷ்யாவில் பழக்கமான ஒன்று இங்கே செல்லாது என்பதையும் அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். பிரஷ்யச் சிப்பாயிடம் செய் என்றால் செய்வான், அமெரிக்கனுக்கோ ஏன் என்ற காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது, சொன்னால் செய்கிறான் என்று பழைய நண்பர் ஒருவருக்கு எழுதினார். இந்தக் கவனிப்பு மிக முக்கியமானது என்று தோன்றுகிறது. ஜெனரல் ஒருவர் பத்தாயிரம் பேருக்கும் தனித்தனியே காரணம் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியவர் பத்துப் பதினைந்து பேரோடு ஒரே குடிசையில் இருப்பவர்தான்.

இந்த அனுபவம் 1778–79 குளிர்காலத்தில் ஃபிலடெல்ஃபியாவில் புத்தகமாயிற்று. ஸ்டாய்பன் பிரெஞ்சில் எழுத, உதவியாளர்கள் ஆங்கிலமாக்க, பின்னாளில் வாஷிங்டன் நகரைத் திட்டமிட்ட லான்ஃபான் படங்கள் வரைந்தார். 1779 மார்ச் 29 அன்று காங்கிரஸ் அதை ஏற்றது. காகிதத் தட்டுப்பாட்டால் கையில் கிடைத்த நீலத் தாளில் அட்டை போட்டதால் நீலப் புத்தகம் என்றே பெயர் நிலைத்தது. இதற்கு முன்னும் கவாத்து நூல்கள் அமெரிக்காவில் இருந்தன. 1775இல் டிமத்தி பிக்கரிங் என்பவர் ஒன்று எழுதியிருந்தார். நீலப் புத்தகத்தின் புதுமை அதன் கடைசிப் பகுதியில் இருந்தது. ரெஜிமெண்ட் தலைவரில் தொடங்கிச் சிப்பாய்வரை ஒவ்வொருவருக்கும் அவரவர் கடமையைத் தனித்தனியாக எழுதிவைத்தது. சார்ஜெண்ட் மேஜர், குவார்ட்டர்மாஸ்டர் சார்ஜெண்ட், முதல் சார்ஜெண்ட், மற்றச் சார்ஜெண்டுகளும் கார்ப்பரல்களும் என நடு அடுக்கே நான்கு வகையாகப் பிரிந்து நின்றது.

முதல் சார்ஜெண்ட் பிரஷ்யாவின் ஃபெல்ட்வேபல் பதவியை ஒத்தவர். கம்பெனியின் ஒழுங்கு அவர் தலையில். ஆட்களின் பெயரை அகர வரிசையில் எழுதி, வயது, உயரம், பிறந்த ஊர், தொழில், சேர்ந்த நாள் எல்லாம் குறித்த ஏடு அவரிடம் இருக்கும். யாருக்கு இன்று பாரா, யாருக்கு விறகு வேலை என்ற முறைப்பட்டியலும் அவரிடமே. காலைக் கணக்கை எழுதிக் கேப்டனிடம் கொடுப்பார். கம்பெனி முழுவதும் போனாலொழிய அவரைத் தனிப் பணிக்கு அனுப்பக் கூடாது என்று விதி. கேப்டன் கம்பெனியை நான்கு பகுதிகளாக்கி ஒவ்வொன்றையும் ஒரு சார்ஜெண்டிடமோ கார்ப்பரலிடமோ ஒப்படைப்பார். ஆட்கள் முகம் கழுவித் தலை வாரியிருக்கிறார்களா என்பதிலிருந்து அங்கே தொடங்குகிறது அவர்கள் பொறுப்பு. சச்சரவை விலக்க வேண்டும், அடங்காதவனைக் காவலில் வைக்கலாம். ஆனால் ஆட்களை மென்மையாக நடத்த வேண்டும் என்று புத்தகம் வெளிப்படையாகச் சொல்கிறது. நூறு கசையடிவரை சட்டம் அனுமதித்த காலத்தில் இப்படி எழுதியது சாதாரண விஷயமில்லை. புது ஆட்களுக்குக் கற்பிப்பதைப் பற்றிய பகுதியும் அப்படியே: அதற்கான பொறுமை எல்லா அதிகாரிக்கும் வாய்க்காது என்று ஒப்புக்கொண்டு, பொறுமையுள்ள ஓர் அதிகாரியையும் ஒரு சார்ஜெண்டையும் ஓரிரு கார்ப்பரல்களையும் தேடி எடுக்கச் சொல்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாதவர் சார்ஜெண்டாகவோ கார்ப்பரலாகவோ தகுதியற்றவர் என்றும் அது வரையறுத்தது. இந்த நிபந்தனைக்குக் காரணம் நடைமுறை சார்ந்தது. தலைமையகத்து உத்தரவு நாள்தோறும் பிரிகேடுக்கு வரும், அங்கிருந்து ரெஜிமெண்டுக்கு, அங்கே அதிகாரி வாசிக்கச் சார்ஜெண்டுகள் தத்தம் ஏட்டில் எழுதிக்கொண்டு போய்க் கம்பெனியில் வாசித்துக் காட்டுவார்கள். எழுத்துத் தெரியாதவர் அந்தச் சங்கிலியில் நிற்க முடியாது. தாறுமாறான எழுத்துக்கூட்டலோடு எழுதப்பட்ட அந்த ஏடுகள் பல இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. அந்தப் படையின் அன்றாட வாழ்வை அறிய அவற்றைவிடச் சிறந்த சான்று அரிது. படிப்பின் எல்லைக்கோடு மேலேயும் இருந்தது. 1776 ஜூன் 28 அன்று சார்ல்ஸ்டனுக்கு வெளியே சல்லிவன் கோட்டையில் குண்டுமழைக்கு நடுவே விழுந்த கொடியை மீண்டும் ஏற்றிய சார்ஜெண்ட் வில்லியம் ஜாஸ்பருக்கு அதிகாரிப் பதவி தர முன்வந்தார்கள். தமக்குப் படிப்பு இல்லை என்று அவர் மறுத்துவிட்டதாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1779இல் சவன்னா முற்றுகையில் அவர் சார்ஜெண்டாகவே இறந்தார்.

ஒரு சார்ஜெண்டு எப்படி உருவானார் என்பதை உள்ளிருந்து பார்க்க ஜோசப் பிளம்ப் மார்ட்டினைவிட நல்ல வழிகாட்டி இல்லை. 1776இல் பதினைந்து வயதில் கனெக்டிகட் படையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு போர் முடியும்வரை என்று கையெழுத்திட்டார். 1780இல் சுரங்கம் தோண்டும் பொறியியல் பிரிவுக்கு மாற்றப்பட்டுச் சார்ஜெண்டானார். 1781 அக்டோபர் 14 இரவு யார்க்டவுனில் பத்தாம் எண் அரணைத் தாக்கியபோது, பின்னால் வரும் காலாட்படைக்காகக் கூர்மரத் தடுப்புகளைக் கோடரியால் வெட்டி வழி திறந்தவர்களில் அவரும் ஒருவர். 1830இல் பெயர் போடாமல் அவர் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் வீரத்தைவிடப் பசியே அதிகம். வாங்காத சம்பளம், கிழிந்த செருப்பு, நாட்கணக்கில் வராத ரொட்டி.

அந்தப் பசியும் சம்பள பாக்கியும் 1781 ஜனவரி 1 இரவு வெடித்தன. நடு அடுக்கு எவ்வளவு முதிர்ந்துவிட்டது என்பதை எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவாகக் காட்டுவது அந்தக் கலகம்தான். நியூ ஜெர்சியில் மாரிஸ்டவுன் அருகே குளிர்கால முகாமில் இருந்த பென்சில்வேனியா ரெஜிமெண்டுகளின் ஆட்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆயுதத்தோடு கிளம்பினார்கள். மூன்று ஆண்டு அல்லது போர் முடியும்வரை என்று எழுதியிருந்த ஒப்பந்தத்தை, எது முன்னால் வருகிறதோ அதுவரை என்று அவர்கள் படித்தார்கள். அதிகாரிகள் எது பின்னால் வருகிறதோ அதுவரை என்று படித்தார்கள். தடுக்க வந்த ஒரு கேப்டன் கொல்லப்பட்டார். அந்த ரெஜிமெண்டுகளின் தளபதி ஜெனரல் அந்தோணி வெய்னின் பேச்சு எடுபடவில்லை.

அதிகாரிகள் இல்லாத படை கும்பலாகிவிடும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அப்படி ஆகவில்லை. பிரின்ஸ்டன்வரை அணிவகுப்பு குலையாமல் நடந்தார்கள், பாரா நிறுத்தினார்கள், வழியில் ஊர்க்காரர்களைக் கொள்ளையடிக்கவில்லை. சார்ஜெண்டுகள் ஒரு குழுவாக அமர்ந்து கட்டளையிட்டார்கள், பேச்சுவார்த்தை நடத்தினார்கள். எதிரே பேச வந்தவர் யார்? நான்காண்டுகளுக்கு முன் முகச்சவரம் செய்த அதிகாரியைக் கண்டு நொந்துகொண்ட அதே ஜோசப் ரீட்; இப்போது பென்சில்வேனியா அரசின் தலைவர். பிரிட்டிஷ் தளபதி ஹென்றி கிளிண்டன் இதை நல்ல சந்தர்ப்பமாகக் கருதி, தங்கள் பக்கம் வந்தால் பாக்கிச் சம்பளத்தைத் தருவதாக இரகசியமாக ஆளனுப்பினார். சார்ஜெண்டுகள் தூதுவனையும் வழிகாட்டியையும் பிடித்து ஒப்படைத்தார்கள். ஜனவரி 11 அன்று இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். ஒப்படைத்ததற்காகத் தர முன்வந்த பரிசுப் பொற்காசுகளைச் சார்ஜெண்டுகள் வாங்க மறுத்தார்கள். பேச்சுவார்த்தையின் முடிவில் ஏறக்குறைய 1,300 பேர் விடுவிக்கப்பட்டார்கள்.

ஏட்டையும் முறைப்பட்டியலையும் பாரா மாற்றத்தையும் சார்ஜெண்டிடம் ஒப்படைத்தபோது ஸ்டாய்பன் அறியாமலே படையின் இயங்குவிசையையும் ஒப்படைத்திருந்தார். அதிகாரியில்லாமலும் ஓடக்கூடியதாகப் படை மாறியிருந்தது. வாஷிங்டனுக்கு இது ஆறுதலாக இருந்திருக்க நியாயமில்லை. அதே மாதம் நியூ ஜெர்சி ரெஜிமெண்டுகளும் கலகம் செய்தபோது ஜெனரல் ராபர்ட் ஹவ் முகாமைச் சுற்றி வளைத்தார். டேவிட் கில்மோர், ஜான் டட்டில் என்ற இரு சார்ஜெண்டுகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுடும்படி நிறுத்தப்பட்டவர்கள் அவர்களுடைய கலகத் தோழர்களே.

பதினெட்டு மாதம் கழித்து வாஷிங்டன் வேறொரு வழியையும் முயன்றார். 1782 ஆகஸ்ட் 7 அன்று நியூபர்க் முகாமிலிருந்து வந்த உத்தரவு, மூன்றாண்டு நன்னடத்தையோடு பணியாற்றிய சிப்பாய்களும் சார்ஜெண்டுகளும் இடது கையில் வெள்ளைத் துணிக் கோணப்பட்டை அணியலாம் என்றது, ஆறாண்டுக்கு இரண்டு. தனிச் செயல் புரிந்தவருக்கு இதய வடிவில் ஊதாத் துணிப் பதக்கம். அதிகாரிகளுக்கு அது கிடையாது. அதைப் பெற்றவர்களாக உறுதியாக அறியப்படுபவர்கள் மூவர். எலைஜா சர்ச்சில், வில்லியம் பிரவுன், டேனியல் பிஸ்ஸெல். மூவரும் கனெக்டிகட்டைச் சேர்ந்த சார்ஜெண்டுகள். பிஸ்ஸெல் ஓடிப்போனவராக நடித்து நியூயார்க்கில் பிரிட்டிஷ் படைக்குள் ஓராண்டுக்கும் மேல் ஒற்றராக இருந்தவர். ஐரோப்பாவின் பதக்கங்கள் பெரும்பாலும் உயர்குடிகளின் மார்பில் தொங்கிய காலத்தில் இது பெரிய மாற்றம். கலகத்தின் நினைவு ஆறாத நிலையில், சம்பளம் தர வழியில்லாத தளபதி தம்மிடம் இருந்த ஒரே நாணயத்தில் கடனடைத்தார் என்று இதைப் படிப்பதே பொருத்தம்.

போர் முடிந்ததும் காங்கிரஸ் படையை ஏறக்குறைய கலைத்துவிட்டது. 1784 ஜூனில் மிஞ்சியவர்கள் 80 பேர். பிட் கோட்டையில் 25, வெஸ்ட் பாயிண்டில் 55. கேப்டனுக்கு மேற்பட்ட அதிகாரி எவரும் இல்லை. ஆனால் நீலப் புத்தகம் தப்பியது. 1792ஆம் ஆண்டு ஊர்க்காவல் படைச் சட்டம் அதன் விதிகளையே நாடு முழுவதற்கும் பயிற்சி முறையாக்கி, கம்பெனிக்கு நான்கு சார்ஜெண்டு, நான்கு கார்ப்பரல் என்ற கணக்கையும் வைத்துக்கொண்டது. 1812 போர் நெருங்கும்வரை ராணுவமும் அதைக் கொண்டே பயின்றது. சார்ஜெண்டின் பதவி மட்டும் நெடுங்காலம் அவருடைய ரெஜிமெண்டோடு கட்டுண்டிருந்தது. நியமிப்பவர் ரெஜிமெண்ட் தலைவர். வேறு ரெஜிமெண்டுக்குப் போனால் பட்டையை இழந்து சிப்பாயாகத் தொடங்க வேண்டும்.

1818 மார்ச்சில் காங்கிரஸ் வறுமையில் வாடிய பழைய போர்வீரர்களுக்கு ஓய்வூதியச் சட்டம் இயற்றியது. அதிகாரிகளுக்கு மாதம் 20 டாலர். சார்ஜெண்டு, கார்ப்பரல், சிப்பாய் அனைவருக்கும் ஒரே வீதம், 8 டாலர். மெய்ன் பகுதியில் வாழ்ந்துவந்த மார்ட்டின் விண்ணப்பித்தவர்களில் ஒருவர். 1820இல் தம் உடைமைகளை அதிகாரிகளிடம் அவர் கணக்கு ஒப்பித்தபோது இரண்டு பசு, ஆறு ஆடு, ஒரு பன்றி இருந்தன. ஓய்வூதியம் தொடர்ந்தது.